பித்தளைக் கிளி வீட்டுப் புத்தகத்தில் அடித்தல் கிடையாது

"சித்திரகுப்தன் ஏட்டுல அடித்தல் திருத்தல் இருக்கலாம். அவனும் எழுதறவன்தானே, தூக்கம் வரும், கை நழுவும். எங்க பித்தளைக் கிளி வீட்டுப் புத்தகத்துல பதினோரு தலைமுறையா ஒரு அடித்தல் கிடையாது. எவனாவது காட்டட்டும், அன்னிக்கே இந்த மீசையை எடுத்துடறேன்."

கயாவில் விஷ்ணுபதம் கோயில் படியில் நின்று, யாத்ரிகர்களின் வம்சாவளியைத் தலைமுறையாக எழுதிவரும் கயா பிராமணரான திரிபுவன் பண்டா இப்படி முழங்கியபோது, கேட்டவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது மீசையைத்தான். பார்க்கவேண்டிய மீசை. கடுகெண்ணெய் தடவி, இரண்டு முனையும் கோபுர வாசல் துவாரபாலகர்கள்போலத் தனித்தனியாகக் காவல் காத்துக்கொண்டிருக்கும். அதைப் பந்தயம் வைக்கிற மனிதனுக்குப் புத்தகத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கவேண்டும் என்று கூட்டம் வியந்தது.

அந்த முழக்கத்துக்குக் காரணம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. அப்பாவுக்குப் பிண்டம் போட வந்தவர், தாத்தா பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். திரிபுவன் சிவப்புத் துணியைப் பிரித்து, நீளவாட்டுப் புத்தகத்தில் விரலை ஓட்டி, "அது உங்க சின்னத் தாத்தா. உங்க தாத்தா பேரு வேற" என்று படித்துக் காட்டினார். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. தந்தி போனது, பதில் தந்தி வந்தது. நீதிபதிதான் தப்பு. பெரிய மனிதர் திண்டில் சாய்ந்து குழந்தைபோல அழுதார். அன்றிலிருந்து கயாவில் திரிபுவன் பண்டாவின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்தே இருந்தது.

செத்தவர்களைப் பொறுத்தவரை அவருடைய ஞாபகம் அபாரமானது. எந்த ஊர், எந்தக் கிணற்றடி வீடு என்று சொன்னால் போதும், ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லுவார். உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் தகராறு. சொந்த மச்சினன் பெயரை இருபது வருஷமாகக் கேட்டுக்கேட்டுத்தான் கூப்பிடுகிறார். "அவன் செத்தாத்தான் உங்களுக்கு அவன் பேரு நெனப்பு வரும்" என்பாள் அவர் மனைவி சுபத்ரா.

சின்ன வயதில் அவர் படிப்பில் சோபிக்கவில்லை, மல்யுத்தத்தில் சோபித்தார். இடது காது ஒரு பந்தயத்தில் நசுங்கி வடைபோல ஆனது. முப்பதுக்கு மேல் முட்டி மக்கர் செய்ததும், அப்பா உட்கார்ந்திருந்த அதே வெள்ளை மெத்தையில், வீட்டுக்கு அடையாளமாகத் தொங்கும் அதே மூக்குடைந்த பித்தளைக் கிளியின் கீழே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. மந்திரம் சொல்லும் வேலை பண்டாவுக்குக் கிடையாது. அதற்கு லம்போதர் மிஸிர் இருந்தார். பெயரில்தான் தொந்தி, ஆள் தர்ப்பைக் கட்டு. பண்டாவின் வேலை இரண்டே இரண்டு. புத்தகத்தில் எழுதவேண்டும். எல்லாம் முடிந்தபின் அட்சயவடம் என்ற அந்த ஆலமரத்தடியில், பிண்டம் போட்ட ஜஜ்மானின் முதுகில் கைவைத்து, "சுபல்" என்று ஒரு சொல் சொல்லவேண்டும். போட்டது பலித்தது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மிஸிர் தொண்டை கிழியச் சொன்ன மந்திரமெல்லாம் மணலில் ஊற்றிய தண்ணீர்.

மூன்றாவதாக ஒரு வேலையும் அவர் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சீதாதேவி சாபம் கொடுத்த கதையை நாளைக்கு ஆறு தடவை சொல்வது. தசரதருக்கு சீதை பிண்டம் கொடுத்ததைப் பார்த்தும், ராமர் கேட்டபோது பார்க்கவில்லை என்று பொய்ச்சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்ட கதை. பல்கு நதி பொய் சொன்னது, அதனால்தான் இன்றைக்கும் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறோம். பசு பொய் சொன்னது. தாழம்பூ பொய் சொன்னது. அடுத்து, கயா பிராமணனும் பொய் சொன்னான். இந்த இடம் வரும்போது மட்டும் திரிபுவனுக்குத் தொண்டையில் கபம் அடைத்துக்கொள்ளும். நன்றாக இருமிவிட்டு, நேரே ஆலமரத்துக்குப் போய்விடுவார். ஆலமரம் ஒன்றுதான் உண்மை சொன்னது, அதனால் அதற்கு அழிவில்லை. கேட்பவர்கள் கும்பிடுவார்கள்.

இப்படியாகப் புகழோடு போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு பித்ருபட்சத்தின் பதினோராம் நாள் காலை, வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஆள் உட்கார்ந்தார். ஐம்பத்துநாலு ஐம்பத்தைந்து வயது. செங்கல் சூளைத் தூசி தலைமுடியில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை.

"வாங்க ஜஜ்மான். எந்த ஊரு?"

"சத்தீஸ்கர் பக்கம் மகராஜ். மகாநதிக் கரை. கேந்துபாலி."

திரிபுவன் கண்ணை மூடிக்கொண்டார். புத்தகம் எடுப்பதற்கு முன் கண்ணை மூடிச் சொல்வது அவருடைய பாணி.

"கேந்துபாலில குளத்தங்கரை வீடா, புளியமரத்து வீடா?"

"குளத்தங்கரை."

"கொள்ளுத்தாத்தா மங்களு. தாத்தா ஜேட்டுராம். அப்பா துகாலு, பஞ்சம் வந்த வருஷத்துல பொறந்தவரு. அம்மா கேந்தாபாய். புள்ளைங்க ரெண்டு. பெரியவன் பிசாஹு, செத்துட்டான். சின்னவன் புனீராம்." கண்ணைத் திறந்து புன்னகைத்தார். "என்ன புனீராம், எளைச்சுட்டே?"

"நான் புனீராம் இல்ல மகராஜ்."

"பின்ன யாரு?"

"பிசாஹு."

திரிபுவன் மெல்வதை நிறுத்தினார். வெற்றிலைச் சாறு கடைவாயில் தேங்கியது.

"எந்த பிசாஹு?"

"செத்தவன்" என்றார் அந்த ஆள் பணிவாக.

விஷயம் இதுதான். பிசாஹு இருபத்துநாலாவது வயதில், அம்மாவோடு ஒரு அற்பச் சண்டைக்காக வீட்டைவிட்டுக் கிளம்பியவர். நாட்டியக் கோஷ்டி ஒன்றுக்கு மூட்டை தூக்கினார். பிறகு டாட்டாநகர், பிறகு ஜம்மு பக்கம் செங்கல் சூளை. முப்பது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஊருக்குத் திரும்பினால் அம்மா இல்லை. இரண்டு வருஷம் முன்பே போய்விட்டாள். தம்பி புனீராம் அண்ணனைக் கண்டதும் காலில் விழக் குனிந்தான். பாதி குனிந்தவன் அப்படியே நிமிர்ந்துவிட்டான்.

"நிமிர்ந்து என்ன சொன்னான் தெரியுமா மகராஜ்? 'அண்ணே, உனக்கு நானே என் கையால கயாவுல பிண்டம் போட்டுட்டேனே, இப்ப உன் கால்ல விழலாமா கூடாதா தெரியலயே'ன்னான். அவன் பொண்டாட்டி என் முன்னால தட்டு வைக்கறா, ஆனா என் நிழல் மேல கால் படாம சுத்திப் போறா. அம்மாவுக்கு இன்னும் கயாவுல போடல. பெரியவன் இருக்கும்போது சின்னவன் போடக் கூடாது, ஆனா பெரியவன் இருக்கானா இல்லயான்னே தெரியலயே, அதனால நீயே போயி நம்ம பண்டாகிட்ட கேட்டுட்டு வா, அவரு புத்தகத்துல நீ உயிரோட இருந்தா ரயிலடிக்கே வந்து கால்ல விழறேன்னு அனுப்பிட்டான்."

"முப்பது வருஷம் ஒரு கடுதாசி போடறதுக்கென்ன?"

"மொத வருஷம் கோவம். ரெண்டாவது வருஷம் வெக்கம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்துக்காக வெக்கப்படவே சரியா இருந்தது."

உள்ளேயிருந்து சுபத்ரா எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது ஆளின் முகத்தை அல்ல, பாதத்தை. பேய்க்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும் என்பது கயாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். பாதம் ஒழுங்காக முன்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெடிப்புதான் வாய்க்கால்போல ஓடியது.

"ஆளு மனுஷன்தாங்க" என்றாள். "குதிகால்ல விளக்கெண்ணெய் போடுங்க அண்ணா."

"நீ சும்மா இரு. புத்தகம் பேசட்டும்" என்றார் திரிபுவன்.

புத்தகத்தை எடுத்தார். சிவப்புத் துணி, உள்ளே வேப்பிலைச் சருகு, அதற்குள் கைதி என்கிற பழைய பீகார் எழுத்து வரிசை. கேந்துபாலி பக்கத்தை அவர் திறந்த விதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. மற்ற பக்கங்களை விரித்துக் காட்டுவார். இந்தப் பக்கத்தில் உள்ளங்கையை அகலமாக வைத்து மறைத்துக்கொண்டு, விரல் சந்து வழியாகப் படித்தார்.

"பிசாஹு. துகாலு மகன். காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழிந்து, தம்பி புனீராம் பிண்டம் கொடுத்தான். என் கையெழுத்து. பதினெட்டு வருஷமாச்சு. இதுல சந்தேகமே இல்ல, ஜஜ்மான். நீங்க செத்துட்டீங்க."

"அப்ப இங்க உக்காந்திருக்கறது?"

"அதான் எனக்கும் புரியல."

"புத்தகம் தப்பா இருக்கலாமே மகராஜ்."

திரிபுவனின் மீசை முனைகள் இரண்டும் நிமிர்ந்தன. "பதினோரு தலைமுறைப் புத்தகம். நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. ஆனா நீ இருக்கறதுதான் சிக்கல்."

லம்போதர் மிஸிர் வந்து சேர்ந்தார். விவகாரத்தைக் கேட்டதும் மிஸிருக்கு முகத்தில் ஒரு களை வந்தது. நாற்பது வருஷமாகப் படித்த சாஸ்திரத்தில் ஒருமுறைகூட வேலைக்கு வராத ஒரு பகுதி, இதோ வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"வழி இருக்கு பண்டாஜி! செத்ததா நெனச்சு காரியம் பண்ணின ஆளு திரும்பி வந்தா, அவனை நெய்க் குடத்துல முக்கணும். அது கர்ப்பம். வெளிய எடுக்கணும், அது பிரசவம். அப்புறம் ஜாதகர்மம், நாமகரணம், அன்னப்பிராசனம், எல்லாம் வரிசையா பண்ணணும். புது ஜன்மம்!"

பிசாஹு தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "என்னை முக்கற அளவு குடம் எங்க இருக்கு சாமி?"

"தலையில ரெண்டு சொட்டு தெளிச்சாலும் போதும்னு ஒரு பட்சம் இருக்கு."

"சரி, பொறந்துட்டேன். அப்புறம் எங்கம்மாவுக்குப் பிண்டம் போடலாமா?"

மிஸிர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். இன்றைக்குக் காலையில் கயாவில் நெய்க் குடத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வருஷம் முன்பு கேந்துபாலியில் செத்துப்போன கேந்தாபாய் எப்படி அம்மா ஆவாள்? குழம்பிப்போய்த் திரிபுவனைப் பார்த்தார். திரிபுவன் கிளியைப் பார்த்தார். அதற்கு மூக்கே இல்லை, அது யாரைப் பார்க்கும்?

"அப்ப பொறக்காமலே இரு" என்றார் திரிபுவன். "இது கயா. இங்க யாரு வேணா யாருக்கு வேணா போடலாம். சிநேகிதனுக்குப் போடலாம், வளத்த மாட்டுக்குப் போடலாம், தனக்குத் தானே போட்டுக்கறவன்கூட இருக்கான். நீ யாரோ ஒருத்தனா வந்து அந்தம்மாவுக்குப் போட்டுட்டுப் போ. 'ஒரு வழிப்போக்கன் கொடுத்தான்'னு எழுதிக்கறேன். புத்தகத்துக்கும் பங்கமில்ல, உனக்கும் வேலை முடிஞ்சுது."

தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி அவர் திண்டில் சாய்ந்தார்.

பிசாஹு துணிப்பையின் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"மகராஜ், எனக்கு முன்னால மூணு புள்ளைங்க எங்கம்மாவுக்குத் தங்கல. நான் பொறந்ததும் என்னை முறத்துல வெச்சு, ஒரு படி நொய்யரிசிக்கு மருத்துவச்சிகிட்ட வித்துட்டா. வேற வீட்டுப் புள்ளன்னு யமன் ஏமாந்து போவான்ல. அப்புறம் அதே நொய்யைக் குடுத்துத் திரும்ப வாங்கிக்கிட்டா. அதான் எனக்கு பிசாஹுன்னு பேரு, வாங்கினவன்னு. என்னை மகனா வெச்சுக்கறதுக்கு அவ அவ்ளோ பாடு பட்டிருக்கா. வழிப்போக்கனா போட மாட்டேன். மகன்னு எழுதுங்க. இல்லேன்னா நான் போடாமலே போறேன், நீங்க சொன்னபடி செத்தவனாவே இருக்கேன்."

இதைக் கேட்டதும் திரிபுவனின் விரல்கள் பக்கத்தின் மேல் இன்னும் அகலமாக விரிந்தன. வித்தவ, வாங்கினவ. இந்த வார்த்தைகளை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். உள்ளங்கைக்குக் கீழே மறைத்து வைத்திருந்த பக்கம், சூடுபட்டதுபோல உறுத்தியது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பித்ருபட்சத்து அமாவாசை. கூட்டம் படியில் நசுங்கியது. புனீராம் பிண்டம் போட்டுவிட்டான், பெயரைச் சொன்னான், திரிபுவன் எழுதினார். கூட வந்த அம்மாக்காரி திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "எழுதாத மகராஜ்! அவன் சாகல. நான் வித்தவ, நான் வாங்கினவ, எனக்குத் தெரியாம அவன் எங்கயும் போக மாட்டான்." பேனா சறுக்கியது. பெயரின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. முழுப்பெயரையும் தாண்டவில்லை, பாதிவரை. திரிபுவன் கையை உதறிக்கொண்டு, "தாயே, புத்தகம் பேரைத்தான் கேக்கும், மனசைக் கேக்காது" என்றார். அந்த வாக்கியம் அப்போது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அடுத்த ஜஜ்மான் வந்துவிட்டார்.

நீதிபதி வந்துபோனது அதற்கு மறு வருஷம். பந்தயம் வைத்தபோது அந்தக் கோடு அவருக்குத் தெரியும். அது அடித்தல் அல்ல, பேனா சறுக்கல் என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். நீதிபதி அழுத வீட்டில் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

"என்ன பண்டாஜி, வேர்க்குது உமக்கு?" என்றார் மிஸிர்.

"புழுக்கம்." புத்தகத்தை மூடினார். "ஆளை நதிக்குக் கூட்டிட்டுப் போம். பிண்டத்தைப் போடட்டும். என்னன்னு எழுதறதுன்னு நான் யோசிக்கறேன். ஆலமரத்தடிக்கு வந்துடறேன்."

"மகன்னு சங்கல்பம் பண்ணவா, வழிப்போக்கன்னு பண்ணவா?"

"எனக்குக் கேக்காத மாதிரி பண்ணும்."

மிஸிரும் பிசாஹுவும் பல்கு மணலில் இறங்கினார்கள். பிசாஹு மணலைத் தோண்டிய அழகைப் பார்த்து மிஸிரே அசந்துபோனார். மற்றவர்கள் அரை மணி பிராண்டுவார்கள். சூளைக்காரருக்கு நாலே கை, தண்ணீர் ஊறிவிட்டது. பார்லி மாவும் எள்ளும் பிசைந்து அவர் உருட்டிய பிண்டங்கள் அச்சில் வார்த்த செங்கல்போல ஒரே அளவில் வரிசையாக நின்றன. "இத்தனை வருஷத்துல இவ்ளோ ஒழுங்கான பிண்டம் பாக்கல" என்றார் மிஸிர். "உசிரோட இருக்கறவனுங்க உருட்டினா கோணல்மாணலா வரும்." விஷ்ணு பாதத்தில் பிண்டத்தை வைத்தபோது, பின்னாலிருந்து கூட்டம் நெருக்க, பிசாஹு அம்மா பெயரை உரக்கச் சொன்னார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. கேட்கவேண்டியவளுக்குக் கேட்டதா என்பதுதான் இனி பண்டாவின் கையில் இருந்தது.

திரிபுவன் அதற்குள் வீட்டில் மூன்று தடவை புத்தகத்தைத் திறந்து மூடியிருந்தார். புத்தகம் சரியென்றால் ஆள் இல்லை. ஆள் சரியென்றால் புத்தகம் இல்லை. இரண்டையும் சரிசெய்யத் திருத்தினால் மீசை இல்லை.

"சுபத்ரா, ஒரு ஆளு ஒரே நேரத்துல செத்தும் இருக்கலாம், உசிரோடவும் இருக்கலாம், இல்லியா?"

"உங்க தம்பி இல்ல? வேலைன்னா செத்தவன், சாப்பாடுன்னா உசிரோட."

"விளையாடாத."

"நீங்கதான் விளையாடறீங்க. ஒரு ஆளு வாசல்ல வந்து தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சான். நான் பாத்தேன், தொண்டை ஏறி இறங்குச்சு. இதுக்கு மேல என்ன புத்தகம் வேணும் உங்களுக்கு?"

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு அட்சயவடத்துக்கு நடந்தார். போகும் வழியில் ஒரு முடிவு எடுத்தார், அதை மாற்றினார், மாற்றியதை மறந்தார். மரத்தடி வந்தபோது கையில் முடிவு ஏதும் இல்லை.

கடைசிப் பிண்டமும் வைத்தாகிவிட்டது. மிஸிர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கயாவுக்கு வந்தவர் எல்லோரும் தமக்குப் பிடித்த ஒரு காய், ஒரு கனியை இந்த மரத்தடியில் விடவேண்டும், சாகும்வரை தொடக்கூடாது. பிடித்ததை விடவேண்டும் என்பது பிரமாணம். நடைமுறையில் பாரதவர்ஷம் முழுவதும் திரண்டு வந்து இங்கே விட்டது பாகற்காயைத்தான். திரிபுவனே தம் அப்பாவுக்காக விட்டது ஆப்பிள், அதுவும் முன்பல் இரண்டும் விழுந்தபின்.

"என்ன விடறீங்க ஜஜ்மான்?"

பிசாஹு மிஸிருக்குப் பதில் சொல்லாமல் திரிபுவன் பக்கம் திரும்பினார்.

"மகராஜ், எனக்காகப் பிண்டம் போட்டப்போ எங்கம்மா இங்க என்ன விட்டா? அதையே நானும் விட்டுடறேன். புத்தகத்துல இருக்குமே."

இருக்கும். பித்தளைக் கிளி வீட்டில் அதையும் எழுதுவார்கள். புனீராம் பெயருக்கு எதிரே பாகற்காய் என்று இருந்தது. அதற்கடுத்து, கேந்தாபாய் என்ற பெயருக்கு எதிரே காகிதம் வெறுமையாக இருந்தது. கைநாட்டு இருக்கவேண்டிய இடமும் வெறுமை.

திரிபுவன் இருமினார். சீதாதேவி கதையில் அந்த இடம் வரும்போது வருகிற அதே இருமல். ஆனால் கதை சொல்லும்போது இருமிவிட்டு ஆலமரத்துக்குத் தாவிவிடலாம். இப்போது ஆலமரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார். தாவ வேறு இடமில்லை.

"எதையும் விடல" என்றார்.

"அப்படின்னா?"

"கேட்டேன். 'செத்தவங்களுக்காகத்தான் விடணும், என் புள்ள உசிரோட இருக்கான், நான் எதை எதுக்கு விடணும்'னு கேட்டுச்சு உங்கம்மா. கைநாட்டும் வெக்கல. நான் உன் பேரை எழுதறப்போ கையைப் பிடிச்சு இழுத்துச்சு. நான்..." இங்கே கையிலிருந்த புத்தகத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். "நான்தான் எழுதிட்டேன்."

மிஸிர் தர்ப்பையைக் கீழே போட்டுவிட்டார். நாற்பது வருஷ சிநேகிதத்தில், திரிபுவன் பண்டா 'நான்தான்' என்று ஒரு வாக்கியத்தைப் பெருமையில்லாமல் தொடங்கி அவர் கேட்டதில்லை.

பிசாஹு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா என்று தெரியவில்லை. முகத்தில் கை வைக்கவில்லை. தலை நிமிராமலே, "முருங்கைக்காய்" என்றார்.

"என்னது?"

"விடறது. முருங்கைக்காய்."

"பிடிக்காதா?" என்றார் மிஸிர், பழக்கதோஷத்தில்.

"அது ஒண்ணுதான் பிடிக்கும். அம்மா உளுந்து வடகம் போட்டு வைப்பா. சூளையில பதினஞ்சு பேருக்குச் சமைச்சப்போ வாரத்துல மூணு நாள் அதான் வெப்பேன்."

பண்டாவும் மிஸிரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே பிடித்ததை ஒருவன் விட்டால் மேற்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாகற்காய்க்கு முறை உண்டு. இதற்கு என்ன முறை?

பிசாஹு மரத்துக்கு முன்னால் குனிந்தார், முதுகைக் காட்டி. சொல்லவேண்டிய சொல்லுக்காகக் காத்திருக்கிற முதுகு. திரிபுவன் கையை நீட்டினார். செத்தவன் முதுகு என்றால் ஜில்லென்று இருக்குமோ என்ற யோசனை கடைசி நொடியிலும் அவருக்கு வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. கை பட்டது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, அதற்குக் கீழே முதுகு அடுப்பங்கல்போலச் சுட்டது. மூச்சில் ஏறியது, இறங்கியது.

"சுபல்" என்றார். மறுபடியும், பக்கத்திலிருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "கேந்தாபாயோட மூத்த மகன் பிசாஹு போட்டது, சுபல்."

பிசாஹு எழுந்து, கண்ணைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டு, பையை எடுத்தார். சாயங்கால ரயில்.

"மகராஜ், புனீராமுக்கு என்ன சொல்ல?"

"ரயிலடிக்கு வரச் சொல்லு. பாதி குனிஞ்சானே, மீதியையும் குனியச் சொல்லு, பண்டா சொன்னாருன்னு."

"அவன் பொண்டாட்டிக்கு?"

"நிழலை மிதிச்சா ஒண்ணும் ஆகாது."

கைநாட்டு வைத்துவிட்டு ஆள் கூட்டத்தில் கலந்துபோனார். மிஸிர் அடுத்த ஜஜ்மானைப் பிடிக்கப் போய்விட்டார். திரிபுவன் ஆலமரத்து வேரில் புத்தகத்தை விரித்து, பேனாவை நனைத்து, புதுப் பக்கத்தில், பிசாஹுவின் கைநாட்டுக்கு மேலே, கேந்தாபாய் பெயரைப் போட்டு எழுதினார். பிண்டம் கொடுத்தவன்: மூத்த மகன் பிசாஹு. விட்டது: முருங்கைக்காய். பிறகு ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். இந்தமுறை உள்ளங்கையால் மறைக்கவில்லை. கோடு அங்கே இருந்தது, பதினெட்டு வருஷத்தில் பழுப்பேறி, பெயரின் நடுவில் பாதி வழியில் நின்றுபோய். அவள் கையை இழுத்த இடத்தில் பேனாவை வைத்து, அவள் விட்ட இடம்வரை அந்தக் கோட்டின் மேலேயே போனார். அங்கே நிற்காமல், கடைசி எழுத்துவரை கொண்டுபோய் முடித்தார். ஒரு பிடி மணலைத் தூவி, ஊதி, துணியைச் சுற்றினார்.

வீட்டுக்குப் போகும் சந்தில், சுவரில் கண்ணாடி மாட்டி நாற்காலி போட்டிருந்த நாவிதர் ராம்தனியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"தாடியா மகராஜ்?"

"மீசை."

"நுனி கத்தரிக்கவா?"

"எடு."

ராம்தனியின் கத்தி கல்லில் பாதி தீட்டியபடி நின்றது. இந்த ஊரில் பெரிய மீசைகளை அவர் எடுத்திருக்கிறார், எல்லாம் ஒரே காரணத்துக்காக, வீட்டில் விழுந்த சாவுக்காக. தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "ஐயோ, யாரு மகராஜ்? எப்ப?"

"யாரும் சாகல" என்றார் திரிபுவன் பண்டா, கண்ணாடியைப் பார்க்காமல். "அதுக்குத்தான்."